தொலைமருத்துவமும் உழைச்செல்வானும்

பழைய மாணவர் சங்க விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ யாதேனும் எழுதுவோமென்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் மருத்துவம் எழுதப் புகுதல், தட்டான் உலையை விட்டு ஏரைப் பிடித்தல் போலும் எனச் சிலர் நகைக்கவுங் கூடும். ஆயினும் துணிந்தோம். எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இலண்டனிலும் றொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோரோ இங்கே பழைய வீட்டையும் கிணற்றையும் முற்றத்து வேம்பையும் காத்துக்கொண்டிருக்கின்றனர். அப்பெற்றோரிற் பலர்க்கு நீரிழிவு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் கைத்தொலைபேசி வழியாக அந்நோயைப் 'பார்த்துக்கொள்ளும்' புதல்வரும் புதல்வியரும் இம்மலரைப் படிப்பர் என்னும் எண்ணமே எம்மை எழுதத் தூண்டியது. பிறிதொரு காரணமும் உண்டு. அஃது எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவரைப் பற்றியது. உரிய இடத்திற் கூறுவோம்.

நாம் மருத்துவரல்லேம். ஈண்டு எழுதுவன வெளியாகிய அறிக்கைகளிலிருந்து அறிந்தவையும், கண்ணாற் கண்டவையுமேயாம். குளிசையின் அளவையோ ஊசியின் அளவையோ இக்கட்டுரையைக் கொண்டு ஒருவரும் மாற்றற்க.

சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குதல் எமக்கு எளிது. நீரிழிவு என்பது நீர், இழிவு என்னும் இரு சொற்களாலாய பெயர். இழிதலாவது மேலிருந்து கீழிறங்குதல். உண்டதும் குடித்ததும் உடம்பில் நில்லாது சலமாய் இறங்கிச் செல்லும் நோயென்பது பொருள். கிரேக்கரும் இந்நோய்க்கு ஊடுருவிப் பாய்தல் என்னும் பொருளுடைய பெயரையே இட்டனர். கப்படோக்கியா நாட்டு மருத்துவர் அறேத்தியசு என்பவர் கி. பி. 2 ஆம் நூற்றாண்டளவில், தசையெல்லாம் உருகிச் சலமாய் ஒழுகுவது போன்ற நோயென இதனை வருணித்தார். இரு வேறு மொழியினர் ஒரே காட்சியைக் கண்டு ஒரே வகையாற் பெயரிட்டிருத்தல் வியப்புக்குரியது. சித்த மருத்துவர் மதுமேகம் என்றனர். எம்மூரார் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வழங்குகின்றனர்.

இனித் தொலைமருத்துவம் என்னும் புதிய தொடரை நோக்குவோம். தொலை என்பது தூரத்தைக் குறிக்கும். தொலைதல் என்பது கெடுதலையும் காணாமற்போதலையுங் குறிக்கும். எனவே தொலைவிலிருந்து செய்யும் மருத்துவம் என்றும், தொலைந்துபோன மருத்துவம் என்றும் இத்தொடருக்கு இரு வகையாகப் பொருள் கொள்ள இடமுண்டு. இதனை விளையாட்டாகக் கூறினோமல்லேம். எந்நிலையில் முதற்பொருள் நிற்கின்றது, எந்நிலையில் அஃது இரண்டாவதாக மாறிவிடுகின்றது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

நோயின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுவோம். இரைப்பைக்குப் பின்னே சதையி என்னும் உறுப்பு உளது. அது சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள குளுக்கோசை உடற்கலங்களுள்ளே புகவிடுந் திறவுகோல் போல்வது. அச்சுரப்பு முற்றாக நின்றுபோதல் ஒரு வகை. பெரும்பாலும் இளமையில் தோன்றுவது. சுரப்பு இருந்தும் போதாமையும், உடம்பு அதற்குச் செவிசாயாமையும் மற்றொரு வகை. எம்மவரைப் பெரிதும் பிடித்திருப்பது இதுவே. 1921 ஆம் ஆண்டு றொறன்ரோப் பல்கலைக்கழகத்திலே பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஊசி வழி செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் முதல்வகை நோயுற்ற பிள்ளைகளைப் பட்டினியிட்டுச் சில காலம் உயிரோடு வைத்திருப்பதன்றி மருத்துவர்க்கு வேறு வழி இருந்ததில்லை. எமது நாட்டிலே 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையிற் செய்யப்பெற்ற ஆய்வொன்று, வளர்ந்தோருள் 100 பேரில் 23 பேர் நீரிழிவுடையோர் எனக் கணித்தது. ஐந்து பேர் கூடியிருக்கும் எந்தத் திண்ணையிலும் ஒருவர் உளர் என்பது இதன் கருத்து.

இந்நோய்க்கும் பிற நோய்க்கும் உள்ள பெரு வேறுபாடு ஒன்றுண்டு. எலும்பு முறிந்தவன் வைத்தியசாலையிற் கிடந்து குணமடைகின்றான். நீரிழிவுடையவனோ தன் வீட்டிலேயே நோயை நடத்துகின்றான். ஓராண்டில் 8,760 மணித்தியாலங்கள் உள. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குச் சென்று, ஒவ்வொருமுறையும் பத்து நிமிடம் வைத்தியரைக் காண்பவனாக ஒருவனைக் கொள்வோம். ஆண்டு முழுவதும் அவன் வைத்தியர்முன் இருப்பது இரண்டே மணித்தியாலங்கள். எஞ்சிய 8,758 மணித்தியாலங்களிலும் சோற்றின் அளவையும், குளிசை விழுங்கும் வேளையையும், ஊசி போடுவதையும், நடப்பதையும், காலிற் புண் உண்டா என்று பார்ப்பதையும் தீர்மானிப்பவர் அவனும் அவன் வீட்டாருமே. தொலைமருத்துவம் என்பது இந்த 8,758 மணித்தியாலங்களுள்ளே ஒரு சாளரம் திறக்கும் முயற்சி.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, நான்காமவர் உழைச்செல்வான். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். பக்கத்தே நின்று மருந்தைப் பிழையாது ஊட்டி, வேண்டுவன செய்பவர் அவர். பரீட்சைக்கு இக்குறளைக் கற்பிக்கும்போது நாமும் பல ஆண்டுகளாக நான்காமவரை ஒரே வரியிற் கூறிக் கடந்து சென்றோம். தொலைமருத்துவம் மருத்துவரைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றது. அவ்வாறாயின் பக்கத்தே நிற்பவரின் பொறுப்பு மிகுமோ குறையுமோ என்பதை மாணவர் ஒருகணம் சிந்திப்பாராக.

தொலைவிலிருந்து நோயறிதல் இந்நூற்றாண்டில் தோன்றியதன்று. 1905 ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்து லைடன் நகரிலே வில்லெம் ஐந்தோவன் என்னும் பேரறிஞர், வைத்தியசாலையிற் படுத்திருந்த நோயாளரின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஏறக்குறைய 1.5 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த தமது ஆய்வுகூடத்திற் பதிவுசெய்தார். அவருடைய கருவி பாரமானது. நோயாளரிடங் கொண்டுசெல்ல இயலாதது. நோயாளரைக் கருவியிடங் கொணர்தலும் அரிது. ஆகவே துடிப்பை மட்டும் கம்பியில் அனுப்பினார். இங்கே ஊன்றி நோக்கத்தக்கது யாதெனின், மறுமுனையிலே நோயாளரின் கையையுங் காலையும் உப்புநீர்ப் பாத்திரத்தில் வைத்து, கம்பியைப் பொருத்திவிட ஒருவர் வேண்டியிருந்தமை. வரலாறு ஐந்தோவனின் பெயரைப் போற்றுகின்றது. பாத்திரத்தருகே நின்றவரைப் பற்றி ஒருவரும் பேசுவாரில்லை.

நீரிழிவுக்கெனப் பெருமளவில் நடைபெற்ற முயற்சிகளுள் ஒன்று அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தது. ஐடியாரெல் எனப்பட்ட அத்திட்டம் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தாரின் தலைமையில் 2000 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. மருத்துவ வசதி குறைந்த நகர்ப்பகுதிகளிலும் நாட்டுப்புறங்களிலும் வாழ்ந்த, 55 வயதைக் கடந்த 1,665 நீரிழிவாளர் அதிற் சேர்க்கப்பட்டனர். சீட்டுப்போட்டாற் போல அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் வீடுகளிற் கணினியொன்றை வைத்தனர். குருதிக் குளுக்கோசை அளக்குங் கருவியும், குருதி அழுத்தத்தை அளக்குங் கருவியும் அதனோடு இணைக்கப்பட்டிருந்தன. சாதாரணத் தொலைபேசிக் கம்பியே பாதை. தாதியர் குறித்த வேளையில் முகம்பார்த்துப் பேசுவர், எண்களை ஆராய்வர், நீரிழிவு நிபுணரோடு கலந்து, நோயாளரின் குடும்ப வைத்தியருக்கு ஆலோசனை அனுப்புவர். மற்றப் பிரிவினர் வழமைபோல வைத்தியரிடஞ் சென்றுவந்தனர்.

பயன் யாது? அதனை அளக்கும் முறையை முதலிற் சொல்லவேண்டும். குருதியின் செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபினிற் குளுக்கோசு ஒட்டிக்கொள்கின்றது. எத்தனை வீதம் ஒட்டியுள்ளது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் குளுக்கோசு சராசரியாக எந்நிலையில் இருந்ததென்று தெரியும். இதனை ஏ1சி என்பர். வளர்ந்தோர் பலர்க்கு 7 வீதத்திற்குக் கீழே வைத்திருத்தல் நன்றென்பது பொதுக் கொள்கை. முதியோர்க்கும் பிற நோயுடையோர்க்கும் வைத்தியர் அதனைத் தளர்த்துவதுமுண்டு. ஐந்தாண்டு முடிவிலே, கணினி வைக்கப்பெற்ற பிரிவினரின் ஏ1சி மற்றவரினும் 0.29 வீத அலகு குறைந்திருந்தது. மேல் அழுத்தம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் குறைந்தது. கொழுப்பும் சற்றே குறைந்தது. இவை 2009 ஆம் ஆண்டு வெளியான முடிபுகள். நன்மை உண்டு, ஆயின் சிறிது. மருத்துவச் செலவு குறையுமென்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். காப்புறுதி கொடுத்த பணம் இரு பிரிவிலும் பெரிய வேறுபாடின்றியே இருந்தது. கருவியை வாங்கிவைத்தால் காசு மிஞ்சும் என்று பேசும் விற்பனையாளரிடம் இதனை நினைவூட்டுதல் நன்று.

இதனினும் எம் நெஞ்சைக் கவர்ந்தது, தமிழ்நாட்டிலே சூணாம்பேட்டில் நிகழ்ந்தது. சூணாம்பேடு அக்காலத்திற் காஞ்சிபுர மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019 ஆம் ஆண்டு முதற் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. அதனைச் சூழ்ந்த 42 கிராமங்களிலே சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர் ஒரு திட்டம் நடத்தினர். அவ்வூர்களிலிருந்து கூலிவேலை செய்யும் ஒருவன் நிபுணரைக் காணச் சென்னைக்குச் செல்வானாயின், ஒருநாட் கூலியும் பேருந்துச் செலவும் போம்; உடன்செல்பவனின் கூலியும் போம். நோவு தோன்றாத நோய்க்காக யார் செல்வர்? ஆகவே நிபுணரின் கருவிகளை ஒரு பெரிய வாகனத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினர். வாகனத்திலிருந்து சென்னைக்குச் செய்தியும் படமுஞ் செல்லச் செய்மதி உதவிற்று. ஊரிலேயே ஒரு நீரிழிவு நிலையமும் அமைக்கப்பட்டது.

அத்திட்டத்தின் அறிக்கை 2012 ஆம் ஆண்டு வெளியாயிற்று. 42 கிராமங்களிலும் வளர்ந்தோர் 27,014 பேர். அவருட் பரிசோதிக்கப்பட்டோர் 23,449 பேர். அஃதாவது 86.8 வீதம். இவ்வெண்ணை நாம் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தோம். எமது கிராமத்து நூல்நிலையக் கூட்டத்திற்குப் பத்திலொரு பங்கினரை அழைத்துவருதற்கே எத்தனை படலை தட்டவேண்டியுள்ளது என்பதை நாம் அறிவோம். அடுப்பங்கரையிலிருக்கும் ஒரு தாயைச் செய்மதி வந்து அழைத்துவராது. யாரோ படலையிலே நின்று கூப்பிட்டிருக்கவேண்டும். வரமறுத்தவளிடம் மறுநாளும் சென்றிருக்கவேண்டும்.

பரிசோதிக்கப்பட்டோருள் 1,138 பேருக்கு நீரிழிவு இருந்தது. 3,410 பேர் அதன் வாயிலில் நின்றனர். நோயுடையோருள் 1,001 பேரின் கண், கால், சிறுநீரகம், இதயம் ஆகியன ஆராயப்பட்டன. அவருள் ஏறத்தாழ ஐந்திலொருவர்க்கு விழித்திரை பழுதுற்றிருந்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்குக் காலின் நரம்பு உணர்விழந்திருந்தது. ஓராண்டினுள்ளே அவ்வூர் நோயாளரின் சராசரி ஏ1சி 9.3 வீதத்திலிருந்து 8.5 வீதமாக இறங்கிற்று. ஒப்புநோக்குதற்கு வேறொரு பிரிவினர் இல்லாமையால் அவ்விறக்கம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. எனினும் ஒன்று உறுதி: மேற்சிகிச்சைக்கெனச் சென்னைக்கு அனுப்பவேண்டியிருந்தோர் 100 பேரில் ஐவருக்குங் குறைவு. மற்றையோர் தம் ஊரிலேயே பார்க்கப்பட்டனர்.

அவ்வாகனத்தினுள்ளே நடந்ததை மனக்கண்ணிற் காண்போம். கண்ணின் உட்புறத்தை நிழற்படம் எடுத்தனர். காலிலே குருதி ஓடும் ஒலியைக் கேட்டனர். அதிர்வை உணர்கின்றாரா என்று பாதத்திற் கருவியை வைத்துப் பார்த்தனர். இவற்றுட் சென்னைக்குச் சென்றவை படமும் எண்ணுமே. பாதத்தைக் கையில் எடுத்தவர் வாகனத்தினுள்ளே நின்றவர். தொலைமருத்துவம் என்று நாம் வியப்பது, உண்மையில் அருகே நின்றவர் செய்த அண்மை மருத்துவத்தின் மறுபாதியாகும்.

எவை கம்பியிற் செல்லும், எவை செல்லா என்று பிரித்தறிதல் இங்கு இன்றியமையாதது. எண் செல்லும்; குரல் செல்லும்; படம் செல்லும். ஆகவே விழித்திரை நோய்க்குத் தொலைமருத்துவம் மிகப் பொருத்தமானது. இங்கிலாந்திலே 2003 ஆம் ஆண்டு முதல் நீரிழிவாளரின் விழித்திரையைக் குறித்த காலத்திற் படமெடுத்து, அப்படத்தைப் பயிற்சி பெற்றோர் வேறோரிடத்திலிருந்து பார்த்துத் தரம்பிரிக்கும் ஏற்பாடு நாடு முழுவதும் பரப்பப்பட்டது. 2009, 2010 ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தபோது, உழைக்கும் வயதினரின் கண்பார்வை இழப்புக்கு முதற்காரணமாக ஐம்பதாண்டுகளாக நின்ற நீரிழிவு அவ்விடத்திலிருந்து இறங்கியிருந்தது. வேறு சிகிச்சைகளும் அதற்குத் துணைசெய்தன எனினும், படத்தைத் தொலைவிலிருந்து பார்த்தமையின் பங்கு சிறிதன்று. மற்றொருபுறம், தொடுகை செல்லாது, மணமும் செல்லாது. இன்சுலின் அறவே குன்றிக் குருதி அமிலமாகும் ஆபத்தான நிலையில் மூச்சிலே அழுகிய பழம் போன்றதொரு மணம் வீசும். அறைக்குள் நுழைபவர் அதனை அறிவர். திரையைப் பார்ப்பவர் அறியார்.

இனி எமது ஆசிரியரைப் பற்றிக் கூறுவோம். 1990 களிலே, மின்சாரமின்றி இருந்த குடாநாட்டில், குப்பிவிளக்கொளியில் எமக்கு நன்னூல் கற்பித்தவர் அவர். ஓய்வுபெற்று மனைவியாருடன் தனியே வாழ்கின்றார். மகன் கனடாவில் நல்ல பதவியில் இருக்கின்றார். தந்தையிடம் மிக்க அன்புடையவர். குளுக்கோசு அளக்குங் கருவியும், பெரிய திரையுள்ள கைத்தொலைபேசியும் அனுப்பினார். ஞாயிறுதோறும் மாலையில் தந்தை எண்ணைக் கூற, மகன் தம் கணினியில் எழுதிக்கொள்வார். 118, 124, 121 என எண்கள் அழகாகவே வந்தன. கிளினிக்குக்குச் செல்லுதல் மெல்ல மெல்லக் குறைந்தது. வரிசையிற் காத்துநிற்றல் கடினம். மகன்தான் பார்க்கின்றாரே என்பது ஆசிரியரின் எண்ணம். தந்தையை வைத்தியர் பார்க்கின்றாரே என்பது மகனின் எண்ணம்.

ஒரு வருடப்பிறப்பன்று நாம் அவரைக் காணச் சென்றோம். வழமைபோல அவர் காலைத் தொட்டு வணங்கினோம். சாய்மனைக் கதிரையிற் சாய்ந்தபடி அவர் எமது அண்மைக் கட்டுரையொன்றிற் சந்திப்பிழை இரண்டைச் சுட்டினார், நகைத்தோம், பலகாரம் உண்டோம், திரும்பினோம். மூன்று வாரங்கழித்து அவரை வைத்தியசாலையில் அனுமதித்த செய்தி வந்தது. செருப்பினுள்ளே துருத்திய ஆணி பாதத்தைப் பல நாளாய்க் குத்தியிருக்கின்றது. உணர்விழந்த பாதமாதலின் அவர் அறிந்திலர். நாம் சென்ற நாளிலும் அப்புண் அங்கே இருந்தது. காலைத் தொட்ட நாம் காலைப் பார்த்திலேம். தொலைபேசியின் கண் ஓராண்டாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

வைத்தியசாலையில் எடுத்த ஏ1சி 10.4. அழகிய எண்கள் எங்ஙனம் வந்தன? அவரே கட்டிலிலிருந்து எம்மிடம் கூறினார்: "தம்பி, சோதினைக்கு முதல்நாள் மட்டும் படிக்கிற பெடியன் மாதிரி நடந்துபோட்டன். சனிக்கிழமை இரவு சாப்பாட்டைக் குறைச்சுப்போட்டு ஞாயிறு விடியக் குத்திப் பார்ப்பன். பிள்ளை தூரத்திலையிருந்து கவலைப்படக் கூடாதெண்டு நினைச்சன்." பொய்யான எண் ஒன்றையும் அவர் கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கூறிய எண்ணெல்லாம் மெய். ஆயினும் அவை கூடிப் பொய்யுரைத்தன. அன்பே இதற்குக் காரணம் என்றால், யாரை நோவது?

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் நாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றுள், புலம்பெயர்ந்த பழைய மாணவர்க்குப் பயன்படுவன சிலவற்றைக் கூறுவோம். முதலாவது அளவுமுறை. இலங்கையிற் குருதிக் குளுக்கோசை ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்கின்றோம். இங்கிலாந்திலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஒரு லீற்றருக்கு இத்தனை மில்லிமோல் என்கின்றனர். எமது எண்ணை 18 ஆல் வகுத்தால் அவர்களது எண் வரும். இங்கு 126 என்பது அங்கு 7. இனி 'ஏழு' என்று மட்டும் ஒருவர் தொலைபேசியிற் கூறுவாராயின், அஃது ஏ1சி 7 வீதமோ, குளுக்கோசு 7 மில்லிமோலோ? இரண்டும் ஒன்றல்ல. ஏ1சி 7 வீதம் என்பது சராசரிக் குளுக்கோசு 154 மில்லிகிராமுக்கு, அஃதாவது 8.6 மில்லிமோலுக்கு ஒப்பாகும். மேலும் இங்கிலாந்திலே அதே ஏ1சியை 53 என்று எழுதுகின்றனர். இலக்கணத்திற் பலபொருளொருசொல் என்று கற்பிக்கின்றோம். இதனைப் பலபொருளோரெண் எனலாம். எண்ணைக் கூறும்போது அலகையுங் கூறுக. கருவியின் திரையையே படமெடுத்து அனுப்புதல் அதனினும் நன்று.

இரண்டாவது, எண்ணைப் பெறும் முறை. மாம்பழம் உரித்த விரலைக் கழுவாது குத்தினால், குருதியின் குளுக்கோசோடு மாம்பழத்தின் சீனியும் சேர்ந்து எண் ஏறும். சோதனைத் துண்டுகளைத் திறந்த போத்தலில் வைத்தாலும், வெயில்படும் சாளரத்தில் வைத்தாலும் அவை பழுதுறும். காலைவெறுவயிற்று எண் மட்டும் போதாது. உணவுண்டு இரண்டு மணித்தியாலங் கழித்தும் சில நாள் பார்த்தால்தான் மதியச் சோற்றின் வலிமை தெரியும். யாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமை எண்கள் எத்துணை அழகாயினும் மூன்று மாதத்திற்கொருமுறையேனும், நிலை சீரானவர் ஆண்டுக்கு இருமுறையேனும், ஏ1சி பார்த்தல் வேண்டும். அதனை முதல்நாட் படித்துத் தேற இயலாது. தோலின் கீழே பதித்து 14 நாள்வரை ஓயாது அளக்குஞ் சிறு கருவிகளும் இப்போது உள. அவற்றின் விலை எம்மவர் பலர்க்கு எட்டாதது. ஆதலின் விரிக்காது விடுகின்றோம்.

மூன்றாவது, குளுக்கோசு அளவுக்கு மிஞ்சிக் குறைதல். ஏறுதலையே அஞ்சும் மக்கள் இறங்குதலை மறந்துவிடுகின்றனர். இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவர்க்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம் தோன்றும். இரவு பத்து மணிக்கு இவ்வாறு நேர்ந்தபோது, தாயார் இலண்டனிலுள்ள மகளைத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்த வீடொன்றை நாம் அறிவோம். அவ்வேளையில் வேண்டியது தொலைபேசியன்று, சீனிப்போத்தல். மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடங் கழித்து மீண்டும் அளத்தல் வேண்டும். ஏறாவிடின் மீண்டுங் கொடுத்தல் வேண்டும். அறிவிழந்தவர்க்கு வாயிலே யாதும் ஊற்றலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. இதனை நோயாளரிடம் மட்டுமன்றி, அவரோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவரிடமும் அயல்வீட்டாரிடமும் முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும்.

தொலைமருத்துவத்தை நாம் இகழ்கின்றோம் எனக் கருதற்க. 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது குடாநாட்டிலே ஊரடங்கு வாரக்கணக்கில் நீடித்தது. கிளினிக்கு நோயாளர்க்கு உரிய மருந்தைத் தபாற் பகுதியார் வழியாக வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாட்டை அரசாங்கம் செய்தது. வைத்தியர் சிலர் தொலைபேசியிற் பேசி அளவைத் திருத்தினர். அன்று அவ்வழி இல்லாதிருந்தால் எத்தனை பேர் மருந்தின்றி வாடியிருப்பர்! அயல்நாடாகிய இந்தியாவிலும் அவ்வாண்டு மார்ச்சு 25 ஆந் திகதி தொலைமருத்துவத்திற்கெனத் தனி விதிகள் வெளியாயின. நோயாளர் இன்னார் என்று உறுதிசெய்தல், அவர் இசைவைப் பெறுதல், கூறியதைப் பதிவுசெய்தல், தொலைவிலிருந்து எழுதக்கூடாத மருந்துகள் இவையென வரையறுத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். அவ்விதிகளிலும் ஒன்றைக் காண்கின்றோம்: நேரிற் பார்த்தல் வேண்டுமென மருத்துவர் கருதின் அதனைக் கூறுதல் அவர் கடமை. ஆயினும் அந்நாட்களிலே எமது ஒழுங்கைக்குள் மருந்துப்பொதியைக் கொணர்ந்த தபாற்காரர், படலையில் மணியடித்ததோடு நில்லாது, "அம்மா, சுகமோ?" என்று வினவி, மறுமொழி வரும்வரை நின்றதையும் நாம் மறந்திலேம்.

எமது ஆசிரியர் இன்று நலமாக இருக்கின்றார். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி நின்றுவிடவில்லை. அதன் ஒழுங்கு மாறியுள்ளது. அயல்வீட்டு மாணவன் ஒருவன், எமது கல்லூரியிலே பத்தாந் தரத்திற் பயில்பவன், புதனும் சனியும் மாலையில் அங்குச் செல்கின்றான். முன்னறிவித்தலின்றி வேறு நாளிலுஞ் செல்வதுண்டு. அது மகன் அவனிடம் கேட்டுக்கொண்டது. விரலைக் கழுவச் செய்து, குத்தி, வந்த எண்ணை நாளோடும் வேளையோடும் கொப்பியில் எழுதுகின்றான். பின்னர் இரு பாதங்களையும் விளக்கொளியிற் பார்த்து, விரலிடுக்கையுங் குதிக்காலையும் படமெடுக்கின்றான். கொப்பியின் பக்கமும் பாதத்தின் படமும் கனடாவுக்குச் செல்கின்றன. கிளினிக்கு நாளில் அதே கொப்பி வைத்தியரிடஞ் செல்கின்றது. முதல் மாதத்து எண்கள் அழகாக இருக்கவில்லை. 236 என்று ஒரு நாள். 198 என்று மறுநாள். அவ்வெண்களைக் கண்டே வைத்தியர் மருந்தை மாற்றினார்.

சென்ற கிழமை அக்கொப்பியைப் பார்த்தோம். பையன் 'குருதி' என்பதற்கு 'குறுதி' என்று எழுதியிருந்தான். ஆசிரியர் சிவப்பு மையால் அதனை வெட்டித் திருத்தி, ஓரத்திலே பத்துமுறை எழுதுக எனக் குறித்திருக்கின்றார். அதன் எதிரே 211 என்று இருந்தது. அதில் அவர் கை வைக்கவில்லை.